மதுரைக்கு நாற்பத்தாறு விமானங்கள்

வெங்கடேஷ்பாபுவின் மதுரைக்கு நாளொன்றுக்கு நாற்பத்தாறு விமானங்கள் வந்து போயின. நிஜ மதுரைக்கு, இது நடந்த 2006-இல், வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மாடி ரூமில், ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்த மதுரைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தது, மஸ்கட்டிலிருந்து வந்தது, சார்ஜாவிலிருந்து நேராகவே வந்தது. நடுவில் சென்னையில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற பாடே கிடையாது.

பிளைட் சிமுலேட்டர் என்பது வீட்டில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டுகிற விளையாட்டு. வாங்குகிறவர்கள் எல்லாரும் ஓட்டத்தான் வாங்குவார்கள். இவன் ஒருநாளும் ஓட்டியதில்லை. அந்த விளையாட்டுக்குள் ஆகாயம் வெறிச்சென்று இருக்கக் கூடாது என்பதற்காகக் கம்ப்யூட்டரே ஓட்டுகிற விமானங்கள் சில உண்டு. எந்த விமானம் எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே இறங்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டால், அவை பாட்டுக்கு வரும், வழி சொல்கிற டவரிடம் அனுமதி கேட்கும், இறங்கும், போகும். அந்தப் பட்டியலை எழுதுவதில்தான் இவனுக்குப் பித்து. எழுதி முடித்துவிட்டு, பார்வையை மதுரை டவரின் உச்சியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவனைப் போல வருவதையும் போவதையும் கவனித்துக்கொண்டிருப்பான்.

வேலை ஒன்றும் லேசுப்பட்டதில்லை. நேரத்தையெல்லாம் லண்டன் கணக்கில் எழுத வேண்டும். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக் கழித்து, சாயங்காலக் காப்பி நேரம்கூடச் சிலநாள் அவனுக்குக் குழம்பிப் போகும். மதுரைக்கு இருப்பது ஒரே ரன்வே. இறங்கிய விமானம் கடைசிவரை ஓடி, அங்கே திரும்பி, வந்த வழியே ஊர்ந்து வந்துதான் ஒதுங்க முடியும். அதற்குள் அடுத்தது வந்துவிட்டால், தரைக்குப் பக்கத்தில் வந்த அதை, சுற்றிக்கொண்டு வா என்று டவர் மறுபடி மேலே விரட்டிவிடும். அதைவிடக் கொடுமை, இறங்கிய விமானத்துக்கு நிறுத்த இடம் இல்லையென்றால் அது அப்படியே மாயமாகிவிடும். புகையில்லை, சத்தமில்லை, ஓடிக்கொண்டிருந்தது இல்லாமல் போய்விடும். முதல்முறை அதைப் பார்த்த அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, தன் மதுரைக்கு ஒன்பது நிறுத்துமிடம் போட்டுக்கொடுத்தான். அதற்குப் பிறகு ஒரு விமானமும் காணாமல் போகவில்லை.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், வெங்கடேஷ்பாபுவுக்குத் திக்குவாய்.

வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ரம், அதில் திக்கினான். தெருவில் பேசுவது தமிழ், அதிலும் திக்கினான். இருபத்துமூன்று வயதில், விமானங்களுக்கு வழி சொல்கிற கண்ட்ரோலர் வேலைக்கு எழுத்துப் பரீட்சை எழுதி, நல்ல மார்க்கில் தேறி, டெல்லிவரை நேர்முகத்துக்குப் போய், அங்கே மூன்றாவது மொழியிலும் திக்கினான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நாகரிகமானவர்கள், தண்ணீர் கொடுத்தார்கள். திரும்பி வருகிற ரயிலில் இரண்டு ராத்திரி, ஒரு பகல், அவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைவதில்லை என்று அந்தப் பயணத்தில்தான் கண்டுபிடித்தான். அதுதான் அவன் செய்த தப்பு என்பேன் நான். ஆனால் அந்த வயதில் அதை யார் எடுத்துச் சொல்வது?

இப்போது முப்பத்தாறு. சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை. முதலாளி மருது கல்யாணப் பத்திரிகை வாசகத்தைத் தாளில் எழுதி நீட்டுவார், இவன் அடித்துக் கொடுப்பான். ஊரில் உள்ள மாப்பிள்ளை பெண்ணெல்லாம் அவன் விரல் வழியாகத்தான் ஜோடி சேர்ந்தார்கள். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இரண்டு இடத்தில், பையன் ஏன் வாயே திறக்கவில்லை என்று ஓரிடத்தில் கேட்டார்கள், ஏன் திறந்தான் என்று இன்னோர் இடத்தில் கேட்டார்கள். கீழ் வீட்டில் அண்ணன் சௌரிராஜன் குடும்பம். அண்ணி லலிதாம்பாள் தங்கமானவள்தான், பொறுமை மட்டும் கிடையாது. அவன் "தோ... தோ..." என்று ஆரம்பித்தால், "தோசையா, இந்தா" என்று தட்டில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அவன் சொல்ல வந்தது தோள்பட்டை வலிக்கிறது என்று. வலியோடு தோசையைத் தின்றுவிட்டு மாடிக்கு ஏறுவான்.

ஆனால் ஒரு வினோதம் உண்டு. இன்னொரு குரலோடு ஒட்டிக்கொண்டு பேசினால் அவனுக்குத் திக்காது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது தண்ணீர் மாதிரி ஓடும். தனியாக எழுப்பிவிட்டால் ஈரெட்டிலேயே நின்றுவிடும். சிமுலேட்டரில் இதே வித்தை பலித்தது. அங்கே டவருக்கு என்று பதிவு செய்த ஒரு குரல் இருந்தது, ஒரு வெள்ளைக்காரனுடையது. கம்ப்யூட்டர் விமானம் அனுமதி கேட்டதும் அந்தக் குரல் பதில் சொல்லும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெங்கடேஷ்பாபுவும் கூடவே சொல்வான். "சார்ஜா செவன் ஒன் டூ, ரன்வே டூ செவன், கிளியர்டு டு லேண்ட்." ஓர் எழுத்து பிசகாது. நாற்பத்தாறு விமானத்துக்கும், லீவு நாளென்றால் காலையிலிருந்து சாயங்காலம்வரை, இறங்கு என்று சொல்லிக்கொண்டே இருப்பான். எல்லாம் இறங்கும். ஒன்றும் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்காது. ஒன்றும் அவனிடம் நலம் விசாரிக்கவும் விசாரிக்காது.

தான் எழுதிய பட்டியலை அவன் ஒரு வெப்சைட்டில் ஏற்றி வைத்திருந்தான். வருஷம் ஒன்றில் பதினாலு பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் ஒருவன்தான் கடிதம் போட்டான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்திருந்தான்: "அண்ணே, சார்ஜாவுலேர்ந்து மதுரைக்கு நேரா பிளைட் விட்டிருக்கீங்க. நெசத்துல எவனும் விடல. ரொம்ப தேங்க்ஸ்ணே."

அவன் பெயர் அழகுபாண்டி. திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். சார்ஜா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. நாள் முழுக்க அடுத்தவன் பெட்டியை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஆறு பேர் படுக்கிற ரூமுக்கு வந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தானே விமானம் ஓட்டுகிறவன். இரண்டு வருஷமாக இருவரும் வாரத்தில் நாலு நாள் நெட்டில் எழுதிப் பேசிக்கொண்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கமிருந்து இறங்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து, அழகுவின் கம்பெனி லீவு கொடுக்காத கதை, அச்சகத்தில் பொண்ணு பேரைத் தப்பாக அடித்துத் திட்டு வாங்கிய கதை என்று எல்லாம் பேச்சாயிற்று. எழுத்தில் வெங்கடேஷ்பாபு பெரிய வாயாடி. கேலி பண்ணுவான், அதட்டுவான், நாலு வரிக்கு ஒரு தரம் "டேய் அழகு" என்பான். உலகத்தில் அவனை வாயாடி என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஓர் ஆள்தான்.

குரலில் பேசலாம் என்று அழகு பல தடவை கேட்டான். "மைக் ரிப்பேர்" என்று இவன் எழுதினான். இரண்டு வருஷமாக ஒரு மைக் ரிப்பேராகவே இருக்குமா? அழகு அதை நம்பினான். நம்பியதோடு நிற்கவில்லை.

ஆவணி பிறந்த வாரத்தில் அச்சகத்துக்கு ஓர் ஆள் வந்தான். "இங்க வெங்கடேஷ்பாபுண்ணே யாரு? நான் கருத்தக்கண்ணன். சார்ஜாவுல அழகு ரூம்ல இருக்கேன், லீவுல வந்தேன். இத ஒங்க கைல குடுக்கச் சொன்னான்" என்று ஒரு பெட்டியை நீட்டினான். பிரித்தால், புத்தம்புது ஹெட்போன், கூடவே மேஜையில் நிறுத்திவைக்கிற மைக். "ஒங்களப் பத்தி அம்புட்டுச் சொல்லுவாண்ணே. வாயத் தொறந்தா ஒரே சிரிப்புத்தானாமே? ஏதாச்சும் சொல்லணுமாண்ணே அவன்ட்ட?"

வெங்கடேஷ்பாபு சிரித்துத் தலையை ஆட்டினான். மருது உள்ளேயிருந்து, "அவரு பேச மாட்டாருப்பா, திக்..." என்று தொடங்குவதற்குள் கருத்தக்கண்ணனின் தோளில் கைபோட்டு வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அழகு எழுதியது: "மைக் வந்துருச்சாண்ணே? வார வெள்ளிக்கிழமை எந்தங்கச்சி சத்யப்ரியாவுக்குக் கல்யாணம். கேட்டுப் பாத்தேன், லீவு இல்லைன்னுட்டான். மாப்ளைக்கு நான்தான் மோதிரம் போடணும், சித்தப்பா மகன் போடுறான். சரி, போகட்டும். எனக்கு அன்னைக்கு வார லீவு. இங்கன காலைல ஏறுனேன்னா ஒங்களுக்கு மத்தியானம் மூணு மணிக்கு மதுரை மேல நிப்பேன். நீங்க டவர்ல இருந்து உங்க வாயால என்னைய எறக்குங்கண்ணே. அது போதும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். மறுத்தால் மனிதனா? ஆனால் வாயைத் திறந்தால் இரண்டு வருஷத்து வாயாடி அந்த நிமிஷமே செத்துப்போவான். அதற்கப்புறம் அழகுவும் மற்றவர்கள் மாதிரிப் பொறுமையாக, பாவம் பார்த்து, தண்ணீர் கொடுக்கிற மாதிரி எழுதுவான். இருக்கிற ஒரு சிநேகிதமும் போய்விடும். இரண்டு நாள் அவனுக்குத் தூக்கமே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். நெட் வழியாக இருவர் ஒரே மதுரைக்குள் வர வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் ஓட்டுகிற விமானங்களை அணைத்துவிட வேண்டும். அவை இல்லையென்றால் டவர் குரலும் கிடையாது. ஒட்டிக்கொண்டு பேச ஆள் இல்லை.

மூன்றாவது நாள் ஒரு யோசனை வந்தது. அவனைப் போல ஒருவனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். புது ஹெட்போனை மாட்டி, புது மைக்கை வாய்க்கு நேரே வைத்து, சார்ஜா விமானம் வரும்போதெல்லாம் வெள்ளைக்காரன் குரலோடு சேர்ந்து பேசி, தன் குரலை மட்டும் பதிவு செய்தான். வெள்ளைக்காரன் ஹெட்போனுக்குள்ளேயே நின்றுவிடுவான், மைக்கில் விழாது. வந்துகொண்டிரு, இறங்கு, சுற்றி வா, திரும்பி ஊர்ந்து வா, இன்ன இடத்தில் நிறுத்து. இப்படி ஐந்து துண்டு. அழகுவை அதே செவன் ஒன் டூ என்ற எண்ணை வைத்துக்கொள்ளச் சொன்னான். இறங்கு என்பதை மட்டும் பதினேழு தடவை பதிவு செய்தான். பதினாறாவதில் குரல் அசத்தலாக அமைந்தது. அதன் முடிவில் கீழே அண்ணியின் குக்கர் விசில் ஒன்று சன்னமாக விழுந்திருந்தது. இருக்கட்டும், வீடு என்றால் குக்கர் இருக்காதா என்று அதையே வைத்துக்கொண்டான். போட்டுக் கேட்டபோது அவனுக்கே கண் கலங்கிவிட்டது. இந்தக் குரல் இத்தனை வருஷம் இவனுக்குள் சும்மா கிடந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டான். இரண்டரை மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பழைய ஸ்பீக்கருக்கு நேரே மைக்கைத் திருப்பி வைத்தான். துண்டு அதில் ஓடினால் சார்ஜாவுக்குக் கேட்கும். அப்புறம் விமானங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிற, திரையிலிருந்த கட்டையை இழுத்துச் சூன்யத்தில் விட்டான். ஒன்று சென்னையிலிருந்து வந்து இறங்குகிற நேரம், சக்கரம் தரையில் படப்போகிற சமயம், அப்படியே மறைந்தது. நின்றிருந்த ஐந்தும் மறைந்தன. இத்தனை நாள் கட்டிக் காத்த மதுரையில் ஓர் ஈ காக்கைகூட இல்லை. ரன்வே, புல், காற்றின் திசை காட்டுகிற ஒரு துணிப்பை.

மூன்று மணி ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிழக்கே ஒரு புள்ளி தெரிந்தது. காதில் கரகரவென்று ஒரு குரல். "மதுரை டவர், சார்ஜா செவன் ஒன் டூ... அண்ணே, இருக்கீங்களாண்ணே? நான்தான், அழகு."

அவன் நினைத்திருந்ததைவிடச் சின்னக் குரல். இந்தக் குரலுக்குத்தானா இத்தனை நாள் எழுதினோம் என்று இருந்தது. முதல் துண்டைத் தட்டினான். வந்துகொண்டிரு.

"அண்ணே!" என்று அந்தப் பக்கம் கத்தல். "ஒங்க கொரலாண்ணே இது? ரேடியோக்காரன் தோத்தான் போங்க! இத வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா மைக் ரிப்பேர்னு சொன்னீங்க?"

வெங்கடேஷ்பாபுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முப்பத்தாறு வருஷத்தில் அவன் குரலை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. பொய் என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. பொய்யில் வருகிற சந்தோஷத்துக்கு ருசி ஒன்றும் குறைவதில்லை, கூடவே பயம் கொஞ்சம் கலந்திருக்கும், அவ்வளவுதான்.

புள்ளி பெரிதாகிச் சிறகு தெரிந்தது. ஆறு மைலில் அனுமதி கேட்டான் அழகு. இவன் பதினாறாவது துண்டைத் தட்டினான். சார்ஜா செவன் ஒன் டூ, ரன்வே டூ செவன், கிளியர்டு டு லேண்ட். சன்னமாக ஒரு விசில்.

"அருமைண்ணே," என்றான் அழகு. பிறகு குரல் மாறியிருந்தது. "காலைல தாலி கட்டுற நேரத்துக்கு அம்மா போனத் தூக்கிப் பிடிச்சுச்சுண்ணே. நாயனச் சத்தம் கேட்டேன். கூட்டத்துல யாரு என்ன பேசுறான்னு ஒண்ணும் வெளங்கல. தங்கச்சிகிட்ட குடுன்னேன், அது அழுதுச்சு, வச்சிருச்சு. மூணு வருசமா என்னைய யாரும் வாடான்னு கூப்புடலண்ணே. கூப்புட்டா வர முடியாதுன்னு அவுகளுக்கும் தெரியும்ல. நீங்க ஒரு தடவ தமிழ்ல சொல்லுங்கண்ணே. எறங்குடா அழகுன்னு சொல்லுங்க. நம்ம ஊராளு வாயால கேட்டு எறங்குனா, எறங்குன மாதிரி இருக்கும்."

ஐந்து துண்டில் அப்படி ஒன்று இல்லை. வெள்ளைக்காரன் அதைச் சொன்னதே இல்லையே, எங்கிருந்து வரும்? வேறு வழி தெரியாமல் பதினாறாவதையே மறுபடி தட்டினான்.

"அது இல்லண்ணே," என்று சிரித்தான் அழகு. "தமிழ்ல. சொல்லாம எறங்க மாட்டேன், ஆமா." விமானம் ரன்வேயை நெருங்கி, தொடாமல், தலைக்கு மேலே இரைந்துகொண்டு எழும்பிப் போயிற்று. இடது பக்கம் சாய்ந்து திரும்பியது. "திருமங்கலம் மேல திரும்புறேன். இதுல ஊரைக் காணோம், ரோடு மட்டும் கெடக்கு. இந்த ரோட்டுலதான் இந்நேரம் பொண்ணு மாப்ளைய ஏத்திக்கிட்டு வேன் போகும்."

எழுதிவிடலாம் என்று வெங்கடேஷ்பாபு விசைப்பலகையை இழுத்தான். 'எறங்குடா அழகு' என்று மளமளவென்று அடித்து அனுப்பினான். பதில் வந்தது காதில். "எழுத்துல ரெண்டு வருசமாப் படிச்சாச்சுண்ணே. இன்னைக்குக் கேக்கணும்."

ஒரு முழுச் சுற்று முடிந்து விமானம் மறுபடி கிழக்கே போய் நேராக வந்தது. ஆறு மைல். ஐந்து மைல். இவன் வாயைத் திறந்தான். தொண்டையில் பூட்டு விழுந்தது. மைக் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் தானாகப் போய்த் தட்டியது. கிளியர்டு டு லேண்ட். விசில்.

விமானம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தது.

"அண்ணே," என்றது குரல் மெதுவாக. "ஒங்க வீட்டுக் குக்கரு, கிளியர்டு டு லேண்டுன்னு சொன்னா மட்டுந்தான் விசிலடிக்குமா? மூணு தடவையும் அதே எடத்துல அடிக்குது."

வெங்கடேஷ்பாபு விரலை எடுத்துக்கொண்டான்.

"ரெக்காட்டா இது? ஆளு அங்கன இல்லையா?" கோபம்கூட இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் தேவலை. "கம்ப்யூட்டருதான் எறக்குதா என்னைய? அதுக்கு நான் தனியாவே எறங்கிருப்பேனேண்ணே. தெனமும் அதானே செய்யிறேன். இதுக்கா இம்புட்டுத் தூரம் ஓட்டிக்கிட்டு வந்தேன்."

ரூமில் புழுங்கியது. கீழே அண்ணி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். வெங்கடேஷ்பாபுவுக்குத் தன் மேலேயே அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. ஒரு மனுஷன் கல்யாண வீட்டை விட்டுத் தூரத்தில் நின்றுகொண்டு, ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டு வந்திருக்கிறான். அவனுக்குக் கொடுப்பதற்கு ஐந்து துண்டு வைத்துக்கொண்டிருக்கிறோமே, சீ என்று இருந்தது. திக்குகிற நாக்கைவிட இது கேவலம். மைக்கைப் பிடித்து வெடுக்கென்று தன் பக்கம் திருப்பினான்.

"எ..." என்றான். நின்றது. "எ... எ... எ..."

வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடிக்கொண்டான். டெல்லியில் உட்கார்ந்திருந்தவர்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். "எ... எற்..." அதற்கு மேல் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. மூச்சை இழுத்து மறுபடி முட்டினான். அசையவில்லை. மேஜைமேல் வியர்வை சொட்டியது. அவன் மூச்சிரைப்பதும், அந்த ஓர் எழுத்து உடைந்து உடைந்து விழுவதும் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. சரி, போய்விட்டான், எவனோ பைத்தியக்காரன் என்று நினைத்து அணைத்துவிட்டிருப்பான் என்று கண்ணைத் திறந்தான்.

விமானம் போகவில்லை. ரன்வேயின் வாசலில், இருநூறு அடி உயரத்தில், இவன் வாயைப் பார்க்கிற மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. இன்னும் அரை நிமிஷத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். அதற்குள் வராது. வராது என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "எற்... எ..."

சட்டென்று இன்ஜின் இரைந்தது. மூக்கு மேலே தூக்கியது. சக்கரங்கள் மடங்கி உள்ளே போயின. டவரைத் தாண்டி, மேற்கே, விமானம் எழும்பிப் போயிற்று. வெங்கடேஷ்பாபுவின் கை மைக்கிலிருந்து நழுவியது. ஆயிற்று, அவ்வளவுதான்.

காதில் கரகரப்பு.

"அண்ணே," என்றான் அழகுபாண்டி. தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் இன்னொரு ரவுண்டு போயிட்டு வாரேன். நீங்க மெதுவாச் சொல்லுங்க. எண்ணெய் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருக்கு."

திருமங்கலம் பக்கமாக விமானம் சாய்ந்து திரும்பியது. வெங்கடேஷ்பாபு முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தான்.